விதியா? வேலைக் குறையா?

(திண்டிவனத்திலும் விழுப்புரத்திலும் நடந்த பொதுக்கூட்டங்களில் பேசியதன் சாரம்)



முந்தாநாள் திண்டிவனத்தில் நான் பேசிய விஷயத்தையே இன்று விழுப்புரத்திலும் பேச வேண்டுமென்று இங்குள்ள தோழர்கள் விரும்பினார்கள். அங்கே நான் பேசி முடித்ததும் இரண்டு தோழர்கள் எழுந்து கேள்வி கேட்டார்கள். அந்தக் கேள்விகளுக்கும் சேர்த்தே இன்று சமாதானம் சொல்லலாமென்று இருக்கின்றேன்.

கடவுளைப்பற்றியோ, ஜாதியைப்பற்றியோ, புரோகிதத்தைப்பற்றியோ பேசுவேன் என்று எதிர்பார்த்து வந்தவர்களுக்கு இன்றைய விஷயம் சற்று விநோதமாக இருக்கலாம். கம்ப்யூட்டரிலும் செல்போனிலும் இருக்கின்ற இணையதளங்களைப்பற்றியும், அவற்றில் போடப்படும் தஸ்தாவேஜுகளைப்பற்றியும், அவை கண் தெரியாதவர்களுக்கும், காது கேளாதவர்களுக்கும், கை கால் சுவாதீனமில்லாதவர்களுக்கும் உபயோகப்படுகின்றனவா என்பதைப்பற்றியும் பேசப் போகின்றேன். நான் எட்டாம் வகுப்புக்கு மேல் பள்ளிக்கூடம் போனவனல்ல. கம்ப்யூட்டர் படிப்புப் படித்தவனுமல்ல. ஆனாலும் இதை வெறும் கம்ப்யூட்டர் விஷயம் என்று நான் கருதவில்லை. 1924-ம் வருஷத்தில் வைக்கத்தில் நடந்த கிளர்ச்சி எதற்காக? கோயிலைச் சுற்றியிருந்த பொதுத்தெருவில் மனிதன் நடக்கலாமா கூடாதா என்பதற்காகத்தானே! இன்றைக்குச் சர்க்கார் காரியமும், பாங்கிக் காரியமும், படிப்பும், உத்தியோகமும் நடக்கின்ற பொதுத்தெரு இணையம்தான். அந்தத் தெருவில் யார் நடக்க முடிகின்றது, யார் நடக்க முடியவில்லை என்று கேட்க நமக்குப் பாத்தியதை உண்டு.

நான் சொல்லுகின்றேன் என்பதற்காக இதில் எதையும் ஒப்புக்கொள்ள வேண்டாம். நீங்களே பரீட்சை செய்து பார்ப்பதற்கு வழியும் கடைசியில் சொல்லுகின்றேன்.

ஒரு தோழருக்கு நேர்ந்தது

முதலில் நடந்த ஒரு சங்கதியைச் சொல்லுகின்றேன். திண்டிவனத்துக்குப் பக்கத்துக் கிராமத்தில் எனக்குத் தெரிந்த தோழர் ஒருவர் இருக்கின்றார். பிறவியிலேயே கண் தெரியாதவர். பி.ஏ. படித்தவர். செல்போனைக் காதருகில் வைத்துக்கொண்டு, அது வாசிப்பதைக் கேட்டே தினப்பத்திரிகை முழுவதையும் படித்து விடுவார். நம்மில் பலரைவிட உலக நடப்பு அவருக்கு அதிகமாகத் தெரியும்.

அவர் ஓர் உத்தியோகத்துக்கு மனுப்போட வேண்டியிருந்தது. எந்த ஸ்தாபனத்தில் என்று நான் சொல்லப்போவதில்லை. மனுவை இணையத்தின் மூலமாகத்தான் போட வேண்டும் என்று விதி. அவர் போனை எடுத்துத் தாமாகவே உட்கார்ந்தார். பெயர், ஊர், படிப்பு எல்லாம் எழுத வேண்டிய கட்டங்களில் விரலை வைத்தால், போன் ஒவ்வொரு கட்டத்துக்கும் "எழுதும் கட்டம்", "எழுதும் கட்டம்" என்றே சொல்லிற்று. எதில் பெயர், எதில் பிறந்த தேதி என்று சொல்லவில்லை. ஊகித்து ஊகித்து நிரப்பினார். கடைசியில், நீ மனிதனா யந்திரமா என்று சோதிப்பதற்காகக் கோணல்மாணலாக எழுத்துக்களைப் படமாகப் போட்டு, "இதைப் பார்த்து எழுது" என்கிறார்களே, அந்தக் கேப்சா வந்தது. பார்த்து எழுது என்றால் அவர் எதைப் பார்ப்பார்? யோசிப்பதற்குள் நேரம் முடிந்துவிட்டதென்று தளம் அவரை வெளியே தள்ளிவிட்டது.

மறுநாள் ஒரு பிரவுசிங் கடைக்குப் போனார். முன்பின் தெரியாத ஒரு பையனிடம் தம்முடைய ஆதார் நம்பர், பாஸ்வேர்டு, போனுக்கு வந்த ஓ.டி.பி. எல்லாவற்றையும் ஒப்புவித்தார். பையன் அவசரத்தில் ஒரு கட்டத்தைத் தவறாக நிரப்பிவிட்டான். மனு தள்ளப்பட்டது. போய் விசாரித்ததற்கு அங்கிருந்தவர் சொன்ன பதில் என்ன தெரியுமா? "என்ன செய்வது, எல்லாம் உங்கள் தலையெழுத்து" என்பதுதான்!

தோழர்களே! தலையெழுத்தா அது? அந்தக் கட்டத்துக்குப் பெயர் வைக்காமல் விட்டவன் பிரம்மாவா? சம்பளம் வாங்கிக்கொண்டு தளத்தைக் கட்டிய ஓர் ஆசாமியல்லவா? என் தோழருடைய தலையெழுத்து சரியாகத்தான் இருக்கின்றது. நாம் தளத்தில் போட்ட எழுத்துத்தான் சரியாக இல்லை.

குதிரை திருடினவர்கள் எங்கே?

உடலில் ஒரு குறை இருந்தால் அதை விதியின்மேல் போடுகின்ற புத்தி நம் ஜனங்களுக்கு எங்கிருந்து வந்தது? மனுதர்ம சாஸ்திரத்தின் 11-வது அத்தியாயத்தை எடுத்துப் பாருங்கள். இன்ன பாவம் செய்தவன் இன்ன ஊனத்தோடு பிறப்பான் என்று ஒரு பட்டியலே இருக்கின்றது. முன் ஜன்மத்தில் குதிரை திருடினவன் இந்த ஜன்மத்தில் நொண்டியாவான் என்பது அதில் ஒன்று.

2011-ம் வருஷத்து ஜனக் கணக்குப்படி தமிழ்நாட்டில் நடமாட்டக் குறை உள்ளவர்கள் மாத்திரம் 2,87,241 பேர். இத்தனை பேரும் குதிரைத் திருடர்கள் என்றால், அத்தனை குதிரைகள் போன ஜன்மத்தில் எங்கே கட்டிக் கிடந்தன? அது போகட்டும். போலியோ வியாதிக்குச் சொட்டு மருந்து கொடுக்க ஆரம்பித்தார்கள். 2011-ம் வருஷம் ஜனவரிக்குப் பிறகு இந்தியாவில் அந்த இயற்கைக் கிருமியால் ஒரு குழந்தைக்கும் கால் போகவில்லை. 2014-ம் வருஷம் மார்ச்சில் உலக சுகாதார ஸ்தாபனம் இந்தியாவைப் போலியோ இல்லாத தேசம் என்று ஒப்புக்கொண்டது. இரண்டு சொட்டு மருந்தைக் கண்டு பூர்வ ஜன்மக் குதிரைத் திருடர்கள் எல்லோரும் எங்கே ஓடினார்கள்? எந்தச் சாஸ்திரியாவது பதில் சொல்லட்டும்.

அந்தச் சாஸ்திரம் இதோடு நிற்கவில்லை. 9-வது அத்தியாயத்தில், பிறவியில் கண் இல்லாதவனுக்கும், காது கேளாதவனுக்கும், ஊமைக்கும் பிதுரார்ஜித சொத்தில் பங்கு கிடையாது, சோறு போட்டால் போதும் என்று எழுதி வைத்திருக்கின்றது. இந்த அநியாயம் ஏட்டில் மாத்திரம் இருந்ததா என்றால் இல்லை. வெள்ளைக்காரன் ஆட்சியிலும் கோர்ட்டுகளில் இந்து லா என்ற பெயரால் அமலில் இருந்தது. 1928-ம் வருஷத்தில் தனிச்சட்டம் ஒன்று செய்த பிறகுதான் கண் இல்லை, கால் இல்லை என்பதற்காக ஒருவனுடைய பங்கைப் பறிக்கக்கூடாது என்று ஏற்பட்டது. பிறவிப் பைத்தியம் என்று சொல்லப்பட்டவர்களை அந்தச் சட்டமும் விட்டுவிட்டது. 1956-ம் வருஷத்து வாரிசுச் சட்டம் வந்துதான் வியாதியும் ஊனமும் எவருடைய பங்கையும் தடுக்காது என்று தீர்ந்தது.

இதை எதற்காகச் சொல்லுகின்றேன் என்றால், "சோறு போட்டால் போதும், பங்கு வேண்டாம்" என்கிற அந்தப் பழைய புத்தி இன்னும் சாகவில்லை. அது இன்றைக்குக் கம்ப்யூட்டருக்குள் போய் உட்கார்ந்திருக்கின்றது. பென்ஷன் கொடுக்கின்றோம், மூன்று சக்கர வண்டி கொடுக்கின்றோம், பிறகென்ன என்று கேட்கின்றார்கள். சோறு வேறு, பங்கு வேறு. என் தோழர் கேட்டது தாமே மனுப்போடுகின்ற பங்கை.

யந்திரம் எப்படி வாசிக்கின்றது?

கண் தெரியாதவர்கள் போனையும் கம்ப்யூட்டரையும் எப்படி உபயோகிக்கின்றார்கள் என்பது உங்களில் சிலருக்குத் தெரியாமல் இருக்கலாம். திரையில் இருக்கின்ற எழுத்தை வாய்விட்டு வாசித்துச் சொல்லும் புரோகிராம் ஒன்று இருக்கின்றது. திரைவாசிப்பான் என்று சொல்லுகின்றார்கள். ஆண்டிராய்டு போன்கள் பெரும்பாலானவற்றில் டாக்பேக் என்ற பெயரில் அது கூடவே வருகின்றது. ஐபோனில் வாய்ஸ்ஓவர் என்று பெயர். கம்ப்யூட்டருக்கு என்.வி.டி.ஏ. என்று ஒன்று உண்டு. இதைச் செய்தவர்கள் ஆஸ்திரேலியாவைச் சேர்ந்த மைக்கேல் கரன், ஜேம்ஸ் டெ என்ற இருவர். இருவருமே கண் தெரியாதவர்கள். விலைக்கு விற்ற புரோகிராம்கள் ஏழைகளுக்கு எட்டாத விலையில் இருந்தபடியால் 2006-ம் வருஷத்தில் தாங்களே ஆரம்பித்து, உலகத்துக்கு இலவசமாகக் கொடுத்திருக்கின்றார்கள். அது தமிழும் வாசிக்கும். இப்படிப்பட்டவர்களுக்கு நாம் சோறு போடப் போகிறோமாம்!

நம் இயக்கத்தில் பழகியவர்களுக்கு இது புது ஏற்பாடல்ல. எழுதப் படிக்கத் தெரியாத ஜனங்கள் அதிகமாக இருந்த காலத்தில் நம் பத்திரிகைகள் எப்படிப் பரவின? டீக்கடையிலும் படிப்பகத்திலும் ஒருவர் வாய்விட்டு வாசிப்பார், சுற்றி உட்கார்ந்து பத்துப்பேர் கேட்பார்கள். அந்த வாசிப்பவருடைய வேலையைத்தான் இன்று யந்திரம் செய்கின்றது. ஆனால் வாசிப்பவர் கையில் அச்சடித்த காகிதம் இருந்தால்தானே வாசிப்பார்? வெள்ளைக் காகிதத்தைக் கொடுத்து வாசி என்றால் எதை வாசிப்பார்? நம்முடைய இணையதளங்கள் பலவும் அந்த யந்திரத்தின் கையில் வெள்ளைக் காகிதத்தைத்தான் கொடுக்கின்றன.

எப்படி என்று சொல்லுகின்றேன். ஓர் உத்தரவைக் கம்ப்யூட்டரில் எழுத்தாக அடிக்கின்றார்கள். அது வரைக்கும் யந்திரம் அதை வாசிக்கும். பிறகு அதைக் காகிதத்தில் அச்செடுத்து, கையெழுத்துப்போட்டு, முத்திரை குத்தி, மறுபடி ஸ்கேன் செய்து பி.டி.எப். ஆக இணையத்தில் ஏற்றுகின்றார்கள். இப்போது அது எழுத்தல்ல, எழுத்தினுடைய போட்டோ. எழுத்தாக இருந்ததை வேலை மெனக்கெட்டுப் படமாக்கி, கண் உள்ளவனுக்கு மாத்திரம் என்று செய்துவிடுகின்றார்கள். படத்திலிருந்து எழுத்தைப் பொறுக்கி எடுக்கின்ற புரோகிராம்களும் இருக்கின்றன. ஆனால் மங்கிய ஸ்கேனில் அவை ஒன்றை மற்றொன்றாகப் படித்துவிடும். உதவித்தொகைத் தொகையிலும் கடைசித் தேதியிலும் ஓர் எண் மாறினால் கதி என்ன?

இன்னொன்று தமிழுக்கே உரிய சங்கடம். யூனிகோடு என்கிற பொது முறை பரவுவதற்கு முன்னே ஒவ்வொரு கம்பெனியும் ஒவ்வொரு தமிழ் எழுத்துரு செய்து விற்றது. அச்சகங்களில் பாமினி என்ற எழுத்துருவைப் பார்த்திருப்பீர்கள். அதில் "அம்மா" என்று அடித்தால் நம் கண்ணுக்கு அம்மா என்றுதான் தெரியும். ஆனால் உள்ளே இருப்பது எம், கே, அரைப்புள்ளி, கே, எச் என்கிற இங்கிலீஷ் எழுத்துக்கள். இங்கிலீஷ் எழுத்துக்குத் தமிழ் வேஷம் போட்டிருக்கின்றது, அவ்வளவுதான். திரைவாசிப்பான் வேஷத்தைப் பார்க்காது, உள்ளே இருப்பதைத்தான் வாசிக்கும். கண் தெரியாத தமிழன் "அம்மா" என்ற சொல்லைக் கேட்க உட்கார்ந்தால் "எம், கே, அரைப்புள்ளி" என்று கேட்டுவிட்டு எழுந்து போகின்றான். தமிழ்நாட்டு சர்க்கார் 2010-ம் வருஷத்திலேயே யூனிகோடு முறையை ஏற்றுக்கொண்டு உத்தரவு போட்டிருக்கின்றது. அப்படியிருந்தும் பழைய எழுத்துருவில் அடிக்கின்ற வழக்கம் அச்சகத்திலும் ஆபீசிலும் இன்னும் முற்றும் ஒழிந்தபாடில்லை.

இதற்கு நேர் மாறான காரியத்தையும் சொல்ல வேண்டும். 1998-ம் வருஷம் பொங்கலன்று மதுரைத் திட்டம் என்று ஒன்று ஆரம்பமாயிற்று. சுவிட்சர்லாந்தில் இருந்த கல்யாணசுந்தரம் என்ற தமிழர் முன்னின்று, பல தேசங்களில் இருந்த தமிழர்கள் கூலி வாங்காமல் பழைய தமிழ் நூல்களை எழுத்து எழுத்தாகக் கம்ப்யூட்டரில் அடித்துப் போட்டார்கள். யூனிகோடு வந்த பிறகு அதற்கும் மாற்றினார்கள். இன்று ஒரு கண் தெரியாத மாணவன் சங்க நூலை யார் தயவும் இல்லாமல் காதால் படிக்கலாம். பண்டிதர்கள் தமிழைத் தாய் என்று பாடினார்கள். இவர்கள் அந்தத் தாயைப் பேச வைத்தார்கள்.

இருக்கின்ற சட்டம்

நிற்க, இது தர்மம் கேட்கின்ற விஷயமல்ல, சட்டப்படியான உரிமை என்பதையும் தெரிந்துகொள்ள வேண்டும். மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 2016-ம் வருஷத்தில் நிறைவேறி, 2017-ம் வருஷம் ஏப்ரல் 19-ந் தேதி முதல் அமலில் இருக்கின்றது. அதன் 42-வது பிரிவு, கேட்கின்ற, அச்சடித்த, மின்னணு விஷயங்கள் எல்லாம் இவர்களுக்கும் எட்டும்படி சர்க்கார் செய்ய வேண்டும் என்கின்றது. 46-வது பிரிவு, ஜனங்களுக்குச் சேவை செய்கின்றவர்கள், சர்க்காரானாலும் தனியாரானாலும், விதிகள் ஏற்பட்ட இரண்டு வருஷத்துக்குள் அப்படிச் செய்தாக வேண்டும் என்கின்றது. மீறினால் முதல் தடவை பதினாயிரம் ரூபாய் வரைக்கும், மேலும் மேலும் மீறினால் 50,000 முதல் 5 லட்சம் ரூபாய் வரைக்கும் அபராதம் என்று 89-வது பிரிவு சொல்லுகின்றது.

சட்டம் "செய்தாக வேண்டும்" என்றது. ஆனால் அதன் கீழ் எழுதிய விதியில் அதை "செய்தால் நல்லது" என்று ஆக்கிவிட்டார்கள். சாஸ்திரத்தில் மாத்திரமா இடைச்செருகல் உண்டு! ராஜீவ் ரதூரி என்ற கண் தெரியாத வழக்காளி 2005-ம் வருஷத்திலிருந்து நடத்திய வழக்கில், 2024-ம் வருஷம் நவம்பர் 8-ந் தேதி சுப்ரீம் கோர்ட் அந்த விதி சட்டத்துக்கு விரோதம் என்று தள்ளி, கட்டாயமாகச் செய்ய வேண்டியவை இவை இவை என்று மூன்று மாதத்துக்குள் விதி செய்யும்படி மத்திய சர்க்காருக்கு உத்தரவிட்டது.

அடுத்தது பிரக்யா பிரசூன் என்ற அம்மையாருடைய வழக்கு. ஆசிட் வீச்சினால் முகமும் கண்ணும் கெட்டுப்போனவர். பாங்கிக் கணக்கு ஆரம்பிக்கப் போன இடத்தில், உயிரோடு இருப்பதற்கு அத்தாட்சியாகக் கேமராவின் முன் கண்ணைச் சிமிட்டு என்றார்கள். சிமிட்டுவதற்கு இமை வேண்டாமா? உயிரோடு எதிரே நிற்கின்றவரை உயிரோடு இருப்பதாக ஒப்புக்கொள்ள யந்திரத்துக்கு மனமில்லை! அவருடைய வழக்கையும், அமர் ஜெயின் என்ற கண் தெரியாத வக்கீலுடைய வழக்கையும் சேர்த்து, 2025-ம் வருஷம் ஏப்ரல் 30-ந் தேதி பர்திவாலா, மகாதேவன் என்ற இரு நீதிபதிகள் தீர்ப்புச் சொன்னார்கள். இணையத்தில் எட்டுகின்ற உரிமை, அரசியல் சட்டத்தின் 21-வது பிரிவில் சொல்லியிருக்கின்ற உயிர் வாழும் உரிமையில் சேர்ந்ததே என்பது தீர்ப்பு. இருபது கட்டளைகளும் போட்டிருக்கின்றார்கள். சாஸ்திரம் சோறு என்றது. கோர்ட் உயிர் வாழும் உரிமை என்றது. எது நாகரிகம் என்று நீங்களே சொல்லுங்கள்.

திண்டிவனத்தில் கேட்ட கேள்விகள்

திண்டிவனத்தில் ஒரு தோழர் எழுந்து, "இப்படிப்பட்டவர்கள் எத்தனை பேர் இருக்கப் போகிறார்கள்? கொஞ்சம் பேருக்காக இவ்வளவு செலவு எதற்கு?" என்று கேட்டார். நியாயமான கேள்விதான். எத்தனை பேர் என்றால், 2011-ம் வருஷத்து ஜனக் கணக்கில் தமிழ்நாட்டில் மாத்திரம் 11,79,963 பேர். அதில் பார்வைக் குறை உள்ளவர்கள் 1,27,405 பேர், கேள்விக் குறை உள்ளவர்கள் 2,20,241 பேர். இதில் சேராதவர்கள் எத்தனை பேர்! கண்ணில் புரை விழுந்த கிழவர் யார் வீட்டில் இல்லை? கை நடுங்குகின்றவர் இல்லையா? எழுத்துக்கூட்டிப் படிக்கவும் தெரியாமல் போனைக் காதில் வைத்துக் கேட்கின்ற தாய்மார்கள் இல்லையா? இங்கே இருக்கின்ற வாலிபர்களும் ஒரு நாள் கிழவர்களாகத்தானே போகிறார்கள்? தங்கள் வயோதிகத்துக்கு வேண்டிய கதவை இப்போதே திறந்து வைப்பதற்கு என்ன தயக்கம்?

இன்னொன்று. ஊனமுள்ளவர்களுக்கென்று செய்தது அவர்களோடு நிற்பதில்லை. விழுப்புரத்திலும் திண்டிவனத்திலும் பரீட்சை எழுதி உத்தியோகத்துக்குப் போக வேண்டுமென்று எத்தனை பிள்ளைகள் டைப்ரைட்டிங் கற்றார்கள்! அந்த டைப்ரைட்டர் யந்திரங்களில் மிகப் பழையது ஒன்று, இத்தாலியில் தூரி என்பவர் கண் தெரியாத ஒரு சீமாட்டி தாமே கடிதம் எழுதுவதற்காகச் செய்து கொடுத்தது. அதில் 1808-ம் வருஷம் அடித்த கடிதங்கள் இன்றும் இருக்கின்றன. கண் தெரியாதவர்களுக்கென்று ஏற்பட்ட யோசனையில்தான் பின்னால் கண் தெரிந்தவர்கள் கூட்டங்கூட்டமாகப் பிழைத்தார்கள்.

செலவைப்பற்றி ஒரு வார்த்தை. வீடு கட்டும்போதே வாசலுக்குச் சாய்தளம் வைத்தால் செலவு கொஞ்சம். கட்டி முடித்துப் படியை இடித்து வைத்தால் செலவு அதிகம். தளத்தைக் கட்டும்போதே ஒரு கட்டத்துக்குப் பெயர் வைக்க என்ன செலவு? எப்படிக் கட்ட வேண்டும் என்பதற்கு 1999-ம் வருஷத்திலேயே உலகப் பொது விதிகள் எழுதியாகிவிட்டன. சர்க்கார் தளங்களுக்கு இந்திய சர்க்காரும் 2009-ம் வருஷத்தில் வழிமுறைகள் எழுதி, 2023-ம் வருஷத்தில் மூன்றாவது பதிப்பாகத் திருத்தியிருக்கின்றது. ஆகவே தெரியாது என்கிற சமாதானமும் செல்லாது.

இரண்டாவது தோழர், "பக்கத்தில் இருக்கின்ற யாராவது இரக்கப்பட்டு உதவி செய்தால் போதாதா?" என்று கேட்டார். அவருடைய நல்லெண்ணத்தை நான் சந்தேகிக்கவில்லை. ஆனால் அவரையே கேட்கின்றேன். உங்கள் பாங்கிக் கணக்கில் எவ்வளவு பணம் இருக்கின்றது, உங்களுக்கு என்ன வியாதி, உங்களுக்கு யார் கடிதம் எழுதினார்கள் என்பதையெல்லாம் தினமும் பக்கத்து வீட்டுக்காரர் படித்துச் சொல்ல வேண்டுமென்றால் சம்மதிப்பீர்களா? உங்களுக்கு மானம் என்றால், அவருக்கு மாத்திரம் இரக்கமா? 1824-ம் வருஷ வாக்கில், பதினைந்து வயதுப் பையனாக இருந்த லூயி பிரெயில், ஆறு புள்ளிகளைக் கொண்டு விரலால் படிக்கின்ற எழுத்தைச் செய்தார். அவரும் கண் தெரியாதவர்தான். அவர் இறந்து இரண்டு வருஷம் கழித்து, 1854-ல்தான் பிரான்ஸ் தேசம் அதை ஒப்புக்கொண்டது. இரக்கம் காட்டிய பெரியவர்களால் ஆகாதது, தானே படிக்க வேண்டும் என்ற ஒரு பையனுடைய பிடிவாதத்தால் ஆயிற்று. அந்தப் பிடிவாதத்துக்குப் பெயர்தான் சுயமரியாதை.

நம் வீட்டுக் குப்பை

ஊரார் வீட்டைப் பேசிவிட்டு நம் வீட்டைப் பேசாமல் போவது யோக்கியமல்ல. மனு தள்ளப்பட்ட அந்தத் தோழருக்கு, திண்டிவனத்துக் கூட்டத்துக்கு வரும்படி நானே வாட்ஸ்அப்பில் நோட்டீஸ் அனுப்பினேன். சிவப்பும் கறுப்புமாக, பெரிய எழுத்தில், பார்க்க வெகு அழகான நோட்டீஸ். அரைமணி நேரத்தில் அவர் கூப்பிட்டார். "தோழரே, எனக்கு ஏதோ அனுப்பியிருக்கிறீர்கள். என் போன் 'படம்' என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டு நின்றுவிட்டது. என்ன படம்?" என்று கேட்டார்.

தோழர்களே! எனக்கு வெட்கமாகிவிட்டது. என்னவென்று சொல்லுவேன்? "உங்களுக்கு இணையத்தில் கதவடைப்பதைக் கண்டித்து நான் பேசப்போகிற கூட்டத்தின் நோட்டீஸ், உங்களால்தான் படிக்க முடியாது" என்று சொல்லுவதா? ஆனாலும் அப்படியே உண்மையைச் சொல்லிவிட்டேன். அவர் சிரித்தார். கோபித்திருந்தால் எனக்குச் சற்று ஆறுதலாக இருந்திருக்கும். பிறகு தேதியும் இடமும் நேரமும் நாலு வரி எழுத்தாக அடித்து அனுப்பினேன். அதற்கு எனக்கு இரண்டு நிமிஷம் ஆயிற்று. இத்தனை வருஷமாக அந்த இரண்டு நிமிஷம் எனக்குக் கிடைக்கவில்லை. அவரை நான் வேண்டுமென்று விலக்கவில்லை. அவரை நினைக்கவே இல்லை. ஆனால் விலக்கப்பட்டவருக்கு இரண்டும் ஒன்றுதானே?

செய்ய வேண்டியவை

ஆகையால் இன்று வீட்டுக்குப் போனதும் ஒரு பரீட்சை செய்யுங்கள். போனில் அமைப்புகள் என்ற இடத்தில் அணுகல்தன்மை என்றிருக்கும். அதில் டாக்பேக்கைத் தெரிந்தவர் ஒருவரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு திறந்து, கண்ணை மூடிக்கொண்டு ஒரு தளத்தைப் படித்துப் பாருங்கள். ஒரு முறை தொட்டால் வாசிக்கும், இரு முறை தட்டினால் திறக்கும். பத்து நிமிஷத்தில் நான் சொன்னது மெய்யா பொய்யா என்று விளங்கிவிடும். பி.டி.எப். நல்லதா என்று பார்க்க, அதில் ஒரு வரியைத் தேர்ந்தெடுத்து வேறிடத்தில் ஒட்டிப் பாருங்கள். ஒன்றுமே தேர்வாகவில்லையானால் அது வெறும் படம். ஒட்டியது தாறுமாறான இங்கிலீஷ் எழுத்தாக வந்தால் அது பழைய எழுத்துரு.

கம்ப்யூட்டர் சென்டர், அச்சகம், இ-சேவை மையம் வைத்திருக்கின்ற தோழர்களும், ஆபீஸ் குமாஸ்தாக்களும் செய்ய வேண்டியது இவ்வளவுதான். யூனிகோடில் அடியுங்கள். தலைப்பைத் தலைப்பு என்றே குறித்து வையுங்கள். கம்ப்யூட்டரிலிருந்து நேரே பி.டி.எப். ஆக்குங்கள், கையெழுத்துப் பிரதி வேண்டுமானால் அதைத் தனியே போடுங்கள். படம் போட்டால் அது என்ன படம் என்று ஒரு வரி எழுதுங்கள். வீடியோ போட்டால் பேச்சைக் கீழே எழுத்தாகவும் போடுங்கள், காது கேளாத தோழர் படித்துக் கொள்ளுவார். வெளிர் எழுத்தை வெளிர் தாளில் போடாதீர்கள். தளம் கட்டுகின்றவர்கள் மவுஸ் இல்லாமல் கீபோர்டாலேயே எல்லாக் காரியமும் நடக்கிறதா என்று பாருங்கள், கை சுவாதீனமில்லாதவருக்கு அதுதான் வழி. எல்லாவற்றுக்கும் மேலாக, இப்படிப்பட்ட தோழர்கள் இரண்டு பேரைக் கூப்பிட்டு உபயோகித்துப் பார்க்கச் சொல்லிவிட்டுப் பிறகு தளத்தைத் திறவுங்கள்.

எட்டாத தளத்தைக் கண்டால் சும்மா இருக்க வேண்டாம். திங்கட்கிழமை தோறும் கலெக்டர் ஆபீசில் குறைதீர்க்கும் நாளில் எழுதிக் கொடுங்கள். மாற்றுத்திறனாளிகளுக்கான மாநில ஆணையருக்கு எழுதுங்கள். விசாரிக்க அவருக்குச் சட்டப்படி அதிகாரம் உண்டு. நம் இயக்கத்தைப் பொறுத்தமட்டில், இனி எழுத்தாக அனுப்பாத நோட்டீஸ் எதையும் நான் அனுப்புவதில்லை என்று இந்த மேடையில் சொல்லுகின்றேன். நீங்களும் அப்படிச் செய்ய வேண்டுமென்று கேட்டுக்கொள்ளுகின்றேன்.

கண் இல்லாமையை மருந்து சில வேளை தீர்க்கும், சில வேளை தீர்க்காது. ஆனால் பெயர் வைக்காத கட்டமும், படமாகிப் போன உத்தரவும், வேஷம் போட்ட எழுத்தும் மனிதன் செய்த குறைகள். மனிதன் செய்ததை மனிதனே திருத்த முடியும். அதற்குக் கடவுளும் வேண்டாம், பரிகாரமும் வேண்டாம், அடுத்த ஜன்மமும் வேண்டாம். என் தோழர் இன்றைய கூட்டத்துக்குத் தாமாக ரயிலேறி வந்து, முன் வரிசையில் உட்கார்ந்திருக்கின்றார். நான் சொன்னதில் தப்பு இருந்தால் எழுந்து திருத்தும்படி அவரையே கேட்டுக்கொண்டு என் பேச்சை முடித்துக் கொள்ளுகின்றேன்.